ரூ.53 லட்சத்துக்கு ஒரு ஹேட்ச்பேக்கா? கோல்ஃப் ஜிடிஐ வாங்கலாமா, வேண்டாமா? முழுக் கணக்கு!

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, அல்ட்ராஸ்... ஹேட்ச்பேக் என்றதும் நம்ம ஊரில் நினைவுக்கு வருவது இந்தப் பெயர்கள்தான். விலை அதிகபட்சம் பத்துப் பன்னிரண்டு லட்சம். குடும்பத்தின் முதல் கார், சந்து பொந்தில் நுழையும் கார், பார்க்கிங் பிரச்னை இல்லாத கார் என்பதுதான் ஹேட்ச்பேக்குக்கு இங்கே இருக்கும் அடையாளம்.

அந்த அடையாளத்தோடு ஃபோக்ஸ்வேகன் ஷோரூமுக்குள் நுழைந்தால் தலை சுற்றும். 2025 மே மாதம் இந்தியாவில் அறிமுகமான கோல்ஃப் ஜிடிஐ காரின் எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.53 லட்சம். அதுவும் முழுக்க இறக்குமதி. முதல் தவணையாக வந்தவை 150 கார்கள் மட்டுமே. "இந்தக் காசுக்கு வீடே வாங்கிடலாமே" என்று ஒரு பக்கம் கிண்டல். இன்னொரு பக்கம், அறிமுக நாளுக்கு முன்பே அந்த 150 கார்களும் புக் ஆகிவிட்டன!

அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் காரில்? விலையில் எவ்வளவு காருக்கு, எவ்வளவு வரிக்கு? அதே காசுக்கு வேறென்ன கிடைக்கும்? இப்போதே வாங்குவதா, வரி குறையும்வரை காத்திருப்பதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'ஹாட் ஹேட்ச்' என்றால் என்ன?

வெளியே பார்த்தால் சாதாரண ஐந்து கதவு ஹேட்ச்பேக். உள்ளே ஸ்போர்ட்ஸ் கார் அளவுக்கு இன்ஜின், அதற்கேற்ற பிரேக், சஸ்பென்ஷன். இதுதான் ஹாட் ஹேட்ச். காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் விடலாம், காய்கறிப் பை ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கிலும் ஓட்டலாம். இரண்டு கார் செய்யும் வேலையை ஒரே கார் செய்யும் என்பதுதான் இந்த வகைக்கே ஆதாரமான யோசனை.

இந்த வகையைப் பிரபலமாக்கியதே கோல்ஃப் ஜிடிஐ தான். ஃபோக்ஸ்வேகன் இன்ஜினீயர்கள் சிலர் தங்கள் ஆர்வத்தில் சத்தமில்லாமல் தொடங்கிய வேலை அது. 1975-ல் ஃபிராங்ஃபர்ட் மோட்டார் ஷோவில் காட்டப்பட்டு, 1976-ல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 110 பிஎஸ் திறன், எடை சுமார் 810 கிலோ. மொத்தம் 5,000 கார் விற்றால் போதும் என்றுதான் நிறுவனம் நினைத்தது. ஆனால் முதல் தலைமுறை மட்டுமே 4.6 லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. கட்டம் போட்ட துணி சீட், கோல்ஃப் பந்து வடிவ கியர் நாப் எல்லாம் அப்போது குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர் கொடுத்தவை. அந்தக் கட்டம் போட்ட துணி இன்றைய காரிலும் தொடர்கிறது.

காரில் என்ன கிடைக்கிறது?

இந்தியாவுக்கு வந்திருப்பது எட்டாம் தலைமுறை கோல்ஃபின் மேம்படுத்தப்பட்ட வடிவம். ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் தயாராகி வருகிறது.

• இன்ஜின்: 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 265 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர் டார்க்

• கியர்பாக்ஸ்: 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். மேனுவல் கியர் இப்போது உலகில் எங்குமே இல்லை

• 0-100 கி.மீ. வேகம்: 5.9 வினாடி

• உச்ச வேகம்: 250 கி.மீ. (மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்பட்டது)

• முன்சக்கர இயக்கம், அதில் மின்னணுக் கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியல் லாக்

• 18 அங்குல அலாய், 7 ஏர்பேக், 12.9 அங்குல டச் ஸ்கிரீன், மேட்ரிக்ஸ் எல்இடி விளக்குகள்

இதில் டிஃபரன்ஷியல் லாக் என்பதைக் கொஞ்சம் நிறுத்திக் கவனிக்க வேண்டும். முன்சக்கர இயக்கக் காரில் 265 பிஎஸ் சக்தியைக் கொட்டினால், வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உள்பக்கச் சக்கரம் பிடிமானம் இழந்து சும்மா சுற்றும். கார் வளையாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். இந்த அமைப்பு, பிடிமானம் உள்ள வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சக்தியை மாற்றிவிடுகிறது. சாதாரண காருக்குப் பெரிய இன்ஜினை மட்டும் மாட்டிவிட்டால் ஹாட் ஹேட்ச் ஆகிவிடாது என்பதற்கு இதுதான் எளிய உதாரணம். காசு போகும் இடம் கண்ணுக்குத் தெரியாது, ஸ்டீயரிங்கைப் பிடித்தால் தெரியும்.

விலை ஏன் இவ்வளவு? பாதிக்கு மேல் வரிதான்!

இதே பெயரில் அமெரிக்காவில் விற்கும் 2025 மாடலின் தொடக்க விலை 32,000 டாலரைக் கொஞ்சம் தாண்டும். ரூபாயில் 28 லட்சத்தை ஒட்டி வரும். அங்குள்ள கார் 241 குதிரைத்திறன் கொண்டது, வசதிப் பட்டியலும் வேறு, மாநில விற்பனை வரியும் தனி. அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் இங்கே ஏன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்ற கேள்வி நியாயமானது.

பதில் வரியில் இருக்கிறது. 100 ரூபாய் மதிப்புள்ள கார் ஒன்று துறைமுகத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் சுங்கவரி. 40,000 டாலருக்குக் குறைவான மதிப்புள்ள, முழுதாக இறக்குமதியாகும் பெட்ரோல் காருக்கு 70 சதவீதம். 100 ரூபாய் 170 ரூபாயாகிறது.

அடுத்து, அந்த 170 ரூபாய் மீது ஜிஎஸ்டி. கோல்ஃப் அறிமுகமானபோது இந்த அளவு இன்ஜினுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், இழப்பீட்டு செஸ் 20 சதவீதம், ஆக 48 சதவீதம். 170 ரூபாய் சுமார் 252 ரூபாயாகிறது.

கவனியுங்கள்: வரிக்கு மேல் வரி. சுங்கவரி கட்டிய தொகைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி கட்ட வேண்டும். கப்பலில் வந்த 100 ரூபாய் கார், டீலர் லாபம், போக்குவரத்து, விளம்பரச் செலவு எதையும் சேர்க்காமலே இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

அப்படியே பின்னோக்கிப் போனால், 53 லட்சத்தில் 48 சதவீத வரியைக் கழித்தால் சுமார் 35.8 லட்சம். அதிலிருந்து சுங்கவரியையும் நீக்கினால் சுமார் 21 லட்சம். டீலர், இறக்குமதியாளர் லாபத்தையும் எடுத்துவிட்டால் இன்னும் குறையும். அதாவது 53 லட்சம் கொடுப்பவர், 20 லட்சம் சொச்சம் மதிப்புள்ள காரையும், அதைவிடப் பெரிய வரி ரசீதையும் சேர்த்தே வாங்குகிறார்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறிவிட்டது. பெரிய கார்களுக்கு செஸ் நீங்கி, ஒரே வரியாக 40 சதவீதம். இந்தக் குறைப்பு முழுதும் வாங்குபவருக்கு வந்து சேர்ந்தால், 53 லட்சம் என்பது 50 லட்சத்தை ஒட்டி இறங்க வேண்டும். ஆகவே பழைய கொட்டேஷனை வைத்துப் பேசாமல், புது விலையைக் கேட்டு வாங்குவது முக்கியம்.

இங்கேயே அசெம்பிள் செய்தால் விலை குறையாதா? குறையும். ஆனால் அதற்கு ஆலையில் தனி முதலீடு, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் விற்பனை வேண்டும். 150 கார் விற்கும் இடத்தில் அது கட்டுப்படியாகாது. வெளிநாட்டுத் தரச் சான்று இருந்தால், இந்தியாவில் தனியாகச் சோதனை நடத்தாமல் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வாகனம் வரை இறக்குமதி செய்யலாம் என்று 2018-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. இதுபோன்ற ரசிகர்களுக்கான கார்கள் இங்கே வருவதே அந்த வழியில்தான்.

ஷோரூம் விலை வேறு, ரோட்டுக்கு வரும் விலை வேறு

53 லட்சத்தோடு கதை முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்த்தப்பட்டது. 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். அறிமுக விலையில் கணக்குப் போட்டால் வரி மட்டும் ரூ.10.6 லட்சம். ஒரு புது ஹேட்ச்பேக்கின் விலை அது!

இதோடு 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கான 1 சதவீத டிசிஎஸ், ரூ.53 ஆயிரம். வருமான வரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், வாங்கும் அன்று கையில் இருந்து போகும் பணம் அது. இப்போதே 64 லட்சம் ஆயிற்று. இன்சூரன்ஸ் சேர்த்தால் 65 லட்சத்தைத் தாண்டிவிடும். புது ஜிஎஸ்டியில் விலை 50 லட்சமாக இறங்கினாலும், சென்னையில் ரோட்டில் இறங்கும்போது 60 லட்சத்துக்குக் குறையாது.

கடன் வாங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கு: 40 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 5 ஆண்டு. மாதத் தவணை சுமார் ரூ.83 ஆயிரம். ஐந்து ஆண்டில் வட்டி மட்டும் ஏறத்தாழ 9.8 லட்சம்.

அதே காசுக்கு வேறென்ன கிடைக்கும்?

கோல்ஃபுக்கு உண்மையான சவால் வெளியிலிருந்து வரவில்லை, சொந்த வீட்டிலிருந்தே வந்தது. அதே குழுமத்தைச் சேர்ந்த ஸ்கோடா, 2025 அக்டோபரில் ஆக்டேவியா ஆர்எஸ் காரை ரூ.49.99 லட்சத்துக்கு அறிமுகப்படுத்தியது. அதே 2 லிட்டர் இன்ஜின், அதே 265 பிஎஸ், அதே 370 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. வேகத்தை எட்ட 6.4 வினாடி, அரை வினாடிதான் கூடுதல். கார் 42 சென்டிமீட்டர் நீளம் அதிகம். பின்பக்கம் 600 லிட்டர் சாமான் இடம். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் இதிலும் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது 100 கார்தான்.

மற்ற போட்டியாளர்களையும் சேர்த்து, ஒரு குதிரைத்திறனுக்கு எவ்வளவு காசு என்று போட்டுப் பார்த்தால்... (எல்லாமே அறிமுக நாள் எக்ஸ்-ஷோரூம் விலை)

• கோல்ஃப் ஜிடிஐ: ரூ.53 லட்சம், 265 பிஎஸ். ஒரு குதிரைத்திறனுக்கு ரூ.20,000

• ஆக்டேவியா ஆர்எஸ்: ரூ.49.99 லட்சம், 265 பிஎஸ். சுமார் ரூ.18,900

• மினி கூப்பர் எஸ் (2024): ரூ.44.90 லட்சம், 204. சுமார் ரூ.22,000

• டிகுவான் ஆர்-லைன் (2025): ரூ.48.99 லட்சம், 204. சுமார் ரூ.24,000

• பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே (2025): ரூ.46.90 லட்சம், 156. சுமார் ரூ.30,000

இந்தப் பட்டியலைப் பார்த்தால் கோல்ஃப் விலை அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆக்டேவியாவின் விலை ஜிஎஸ்டி குறைந்த பிறகு வந்தது. கோல்ஃப் விலையையும் 40 சதவீத வரிக்கு மாற்றிப் பார்த்தால் அதுவும் ஒரு குதிரைத்திறனுக்கு ரூ.18,900-க்கு அருகில்தான் வரும். ஆக, இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. தேவை என்ன என்பதுதான் வித்தியாசம்.

இதில் பிஎம்டபிள்யூ ஏன் வாங்குகிறார்கள் என்ற கேள்வி எழலாம். லோகோவுக்கும், லெதர் சீட்டுக்கும், கேட்டில் நிற்கும்போது கிடைக்கும் மரியாதைக்கும் ஒரு விலை உண்டு. கோல்ஃபில் அது கிடைக்காது. "65 லட்சம் ஆச்சு" என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் நம்ப மாட்டார். சிலருக்கு அதுதான் குறை, சிலருக்கு அதுதான் சுகம்.

சரி, 20 லட்சத்துக்குள் வேகமான கார் வேண்டும் என்றால்? அதே ஃபோக்ஸ்வேகனின் விர்டுஸ் ஜிடி இருக்கிறது. 1.5 லிட்டர் டர்போ, 150 பிஎஸ், 100 கி.மீ. வேகத்துக்கு 9 வினாடியை ஒட்டி. கோல்ஃபைவிட 3 வினாடி மெதுவு. அந்த மூன்று வினாடிக்கும், வளைவில் கிடைக்கும் அந்தப் பிடிமானத்துக்கும் சேர்த்து 30 லட்சத்துக்கு மேல் அதிகம் கொடுக்கத் தயாரா என்பதே கேள்வி.

நம்ம ரோட்டுக்கு ஒத்துவருமா?

கோல்ஃபின் தரை இடைவெளி சுமார் 136 மி.மீ. இந்தியச் சாலைக் குழுமத்தின் தர அளவுப்படி ஒரு வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அளவெடுத்துக் கட்டிய வேகத்தடை என்றால் பிரச்னை இல்லை. ஆனால் ஊர்க்காரர்களே சிமென்ட் கொட்டிக் கட்டிய 'மேடு' எந்த அளவுக்குள்ளும் அடங்காது. நான்கு பேர் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டியும் இருந்தால் அடி தட்டும் வாய்ப்பு அதிகம். டயர் பக்கவாட்டு உயரமும் குறைவு. மழைக்காலப் பள்ளத்தில் வேகமாக இறங்கினால் டயரோடு அலாயும் போகலாம். இறக்குமதி அலாய் என்பதால் செலவோடு காத்திருப்பும் சேரும்.

வேகம்? எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு மத்திய அரசு நிர்ணயித்த உச்ச வரம்பே 120 கி.மீ.தான். 250 கி.மீ. வேகம் போகும் காரின் பாதித் திறமையைக்கூடச் சட்டப்படி சாலையில் பார்க்க முடியாது. அதற்கான இடம் ரேஸ் டிராக். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று, கோவையில் கரி, கோஸ்ட் என இரண்டு என்று டிராக்குகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஆனால் இங்கே பலர் கவனிக்காத ஒரு சிக்கல். வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. டிராக்கில் தடுப்பில் மோதினால் பழுதுச் செலவு முழுக்க உரிமையாளர் தலையில்தான். டிராக்குக்காகவே இந்தக் காரை வாங்குபவர்கள் பாலிசி நிபந்தனைகளை வரிவரியாகப் படிப்பது நல்லது.

விற்கப் போனால் என்ன கிடைக்கும்?

'கொஞ்சம் கார்தான் வந்திருக்கு, அதனால் விலை இறங்காது' என்று சொல்லப்படுவதுண்டு. பாதி உண்மை. இதே நிறுவனம் 2016-ல் போலோ ஜிடிஐ காரை ரூ.25.99 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. மொத்தமே 99 கார். 1.8 லிட்டர், 192 பிஎஸ், ஆனால் மூன்று கதவு. அந்தக் காசுக்கு மூன்று கதவுக் காரா என்று வாங்குபவர்கள் தயங்கினார்கள். பிறகு விலை ரூ.19.99 லட்சமாகக் குறைக்கப்பட்டது. முதலில் வாங்கியவருக்கு ஒரே நாளில் 6 லட்சம் காற்றில் போனது போல. எண்ணிக்கை குறைவாக இருந்தால் மட்டும் போதாது, கேட்டு வருகிறவர்களும் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கார் சொன்ன பாடம்.

மறுபக்கம், 2020-ல் ரூ.35.99 லட்சத்துக்கு 200 கார் மட்டும் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 245 ரசிகர்கள் தேடும் காராகிப்போனது. கோல்ஃப் ஐந்து கதவுக் கார், முதல் தவணையும் உடனே தீர்ந்தது. ஆகவே போலோவின் கதி இதற்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் கார் முதலீடு அல்ல. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பின்பற்றும் வழக்கமான தேய்மான அட்டவணையில், நான்கு முதல் ஐந்து வயதுக் காருக்கு மதிப்பு 50 சதவீதம். 53 லட்சம் கார் என்றால் 26.5 லட்சம். கட்டிய 10 லட்சம் சாலை வரி இந்தக் கணக்கில் வராது.

அதனால்தான், முழு இன்வாய்ஸ் தொகையும் கிடைக்கும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' கூடுதல் பாதுகாப்பை இப்படிப்பட்ட காருக்கு முதல் சில ஆண்டு எடுப்பது புத்திசாலித்தனம். கார் திருடுபோனாலோ, மீட்க முடியாதபடி சேதமானாலோ அதுதான் கைகொடுக்கும்.

வரி குறையப்போகுது... காத்திருக்கலாமா?

இதுதான் இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. 2026 ஜனவரி 27 அன்று, இந்தியா - ஐரோப்பிய ஒன்றிய வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஐரோப்பியக் கார்கள் மீது 110 சதவீதம் வரை இருக்கும் வரி, ஆண்டுக்கு 2.5 லட்சம் கார் என்ற ஒதுக்கீட்டுக்குள், படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும் என்பது அதன் சாரம்.

மேலே பார்த்த 100 ரூபாய் கணக்கையே திரும்பப் போடுவோம். சுங்கவரி 70 சதவீதம், ஜிஎஸ்டி 40 சதவீதம் என்றால் 238 ரூபாய். சுங்கவரி 10 சதவீதமானால் 154 ரூபாய். அதாவது 50 லட்சம் ரூபாய் கார், காகிதக் கணக்கில் 32 லட்சத்துக்கு வந்துவிடும்! சாலை வரியும் அதற்கேற்பக் குறையும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று 'ஆனால்'கள் உண்டு.

ஒன்று, பேச்சுவார்த்தை முடிவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. கையெழுத்து, ஐரோப்பிய நாடாளுமன்ற ஒப்புதல் எல்லாம் முடிய வேண்டும்.

இரண்டு, வரி ஒரே நாளில் 10 சதவீதம் ஆகாது. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். குறையும் வரி முழுதும் விலையில் பிரதிபலிக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். பெட்ரோல் கோல்ஃபின் தயாரிப்பை 2027 முதல் வோல்ஃப்ஸ்பர்க்கில் இருந்து மெக்சிகோவின் புவெப்லா ஆலைக்கு மாற்றுவதாக 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு செய்த உடன்பாட்டில் ஃபோக்ஸ்வேகன் சொல்லியிருக்கிறது. மெக்சிகோவில் தயாராகும் காருக்கு ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தச் சலுகை பொருந்தாது. வரி குறையும் நேரத்தில் கார் வேறு நாட்டிலிருந்து வந்தால்? காத்திருந்தவருக்குப் பலன் இல்லாமல் போகலாம்.

இதே கணக்கு மினிக்கு வேறு. பெட்ரோல் கூப்பர் எஸ் தயாராவது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் ஒப்பந்தத்திலும் கார் வரி, ஒதுக்கீட்டுக்குள், படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்கும். எந்தக் கார் எந்த நாட்டில் தயாராகிறது என்பது இனி விலைப் பட்டியல் அளவுக்கு முக்கியம்.

காத்திருப்பவருக்கு மட்டுமல்ல, இப்போது வாங்குபவருக்கும் இதில் சேதி இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்துப் புதிய இறக்குமதி கார்களின் விலை இறங்கிவிட்டால், இன்று முழு வரி கட்டி வாங்கிய காரின் பழைய மார்க்கெட் மதிப்பும் சேர்ந்தே சரியும். இரண்டு மூன்று ஆண்டில் விற்றுவிட்டு மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இன்றைய எக்ஸ்-ஷோரூம் விலை என்ன? ஜிஎஸ்டி குறைப்பு சேர்ந்ததா? தயாரிப்பு மாதம், ஆண்டு என்ன?

2. எந்த பெட்ரோல்? பிரீமியம் வகைகள் 95, 100 ஆக்டேன். கையேடு சொல்வது எது, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றி அது என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

3. கண்ணாடி, விளக்கு, பம்பர், அலாய் - இந்த நான்கும் உடைந்தால் விலை எவ்வளவு, வர எத்தனை நாள்?

4. நம்ம ஊர் சர்வீஸ் சென்டரில் இந்தக் காரைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, இல்லை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமா?

5. வாரண்டி எத்தனை ஆண்டு, நீட்டிக்க முடியுமா? இன்ஜின் ட்யூனிங் செய்தால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி முக்கியம். இந்த வகைக் கார் வாங்குபவர்களில் பலருக்குச் சக்தியை இன்னும் ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும். வாரண்டி போவதோடு, மாற்றம் செய்ததைச் சொல்லாவிட்டால் இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும்.

ஆக, யாருக்கு இந்தக் கார்?

வாங்கலாம்: வீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பக் கார் இருப்பவர், கார் ஓட்டுவதே சந்தோஷம் என்பவர், கடன் இல்லாமல், அல்லது சம்பளத்தில் சின்னப் பங்கு தவணையோடு வாங்க முடிந்தவர், ஏழெட்டு ஆண்டு வைத்து ஓட்டப்போகிறவர், 0-100 கி.மீ. கணக்கைவிட வளைவும் மலைப்பாதையும் பிடித்தவர். இவர்களுக்கு, இந்த விலைக்குள் இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கிடைக்கும் ஐந்து கதவு ஹேட்ச்பேக்கில் இதற்கு நிகர் இல்லை.

ஆக்டேவியா பக்கம் பார்க்கலாம்: ஒரே காரில் வேகமும் வேண்டும், பின்சீட்டில் அப்பா அம்மா வசதியாக உட்காரவும் வேண்டும் என்பவர். புது கார் கிடைக்காவிட்டால் பழைய மார்க்கெட்டில் தேடலாம்.

வேண்டாம்: வீட்டில் இது ஒன்றுதான் கார் என்பவர், தவணை கட்டுவதற்குச் சேமிப்பைத் தொட வேண்டியவர், தினமும் மோசமான சாலையில் போய்வர வேண்டியவர், இரண்டு ஆண்டில் மாற்றிவிடலாம் என்று நினைப்பவர், நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பவர். கடைசி ரகத்துக்கு அதே காசில் வேறு லோகோ கிடைக்கும்.

விலைக்குத் தகுந்த காரா என்றால், காருக்கு மட்டும் என்றால் ஆம். விலையில் பாதிக்கு மேல் வரி என்பதும், அந்த வரியே சில ஆண்டில் குறையலாம் என்பதும்தான் நெருடல். அந்த நெருடலைத் தெரிந்தே ஏற்றுக்கொள்பவர் தாராளமாக வாங்கலாம். 'எப்படியும் விலை ஏறும், பிறகு லாபத்துக்கு விற்கலாம்' என்று கணக்குப் போடுபவர், கையெழுத்துப் போடும் முன் 2016-ல் வந்த அந்த 99 போலோ கார்களை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.